இந்தப் பெட்டியில் கமகம் வராதா?

அன்புள்ள அண்ணா,

பழைய கமடோர் 64 கணினி ஒன்று வாங்கினேன். கையேட்டு அட்டவணையில் ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ள எண்களைத் தட்டினால் அக்காவின் சுருதிப் பெட்டியோடு சேரவில்லை, இறங்கியே நிற்கிறது. இதன் ஒலிச் சில்லில் 6581 வகை நல்லதா, 8580 வகை நல்லதா? இதில் ஒரே நேரத்தில் மூன்று குரல்தான், நம்மூர் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் ஒலி அட்டையில் 12 இருந்ததாமே. எப்படியும் இதில் கமகம், அதாவது சுரத்தை ஆட்டி வழுக்கி இசைப்பது, வராது, இல்லையா?

ஈசூன் வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் அட்டவணை அமெரிக்க எந்திரத்துக்குப் போட்டது. அதன் கடிகாரம் நொடிக்கு 1,022,727 முறை துடிக்கும். இங்கே புழங்கிய பால் (PAL) தொலைக்காட்சி முறை வகையில் 985,248தான். அதனால் அரைக் கட்டையில் பாதிக்கு மேல் இறங்குகிறது. 6581, 8580 சண்டையெல்லாம் அப்புறம். கையில் இருப்பதில் தொடங்குங்கள்.

ஆனால் கமகம் வராது என்று எதை வைத்து எழுதினீர்கள்? யாரோ போட்ட அட்டவணையைத் தட்டிவிட்டு சில்லின் மேல் பழி போடலாமா? முதலில் அந்த அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். பாப் யானஸ் வடிவமைத்து 1982இல் வந்த இந்த சிட் (SID) ஒலிச் சில்லில் ஒவ்வொரு குரலுக்கும் 16 பிட் சுருதி எண், அதாவது 0 முதல் 65,535 வரை, உண்டு. எண் இரட்டித்தால் சுருதியும் இரட்டிக்கும். ச 4400 என்றால் ப 6600, மேல் ச 8800. அந்தர காந்தாரம் 5500, தம்புராவில் தானாக எழுகிற அதே காந்தாரம். அட்டவணை முறையில் போனால் அந்த இடத்தில் 5544 வரும். அது பியானோவின் காந்தாரம், நமக்கு எதற்கு?

1987இல் சிம் வோங் ஹூவின் நிறுவனம் வெளியிட்ட கிரியேட்டிவ் மியூசிக் சிஸ்டத்தில் இரண்டு பிலிப்ஸ் சில்லுகள், 12 குரல்கள். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் ஒரு ஸ்தாயிக்கு 256 படிகள் மட்டுமே. நீங்கள் குறை சொல்லும் பெட்டியில் 4400க்கும் 8800க்கும் நடுவே மட்டும் 4400 படிகள்! வழுக்கிப் போக இதைவிட என்ன வேண்டும்?

சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் நாகஸ்வரத்தில் தோடி ராகம் கேட்டுவிட்டு வந்த இரவுகளில், அந்த ராகத்தின் காந்தாரத்தை எண்களில் பிடிக்க உட்கார்ந்திருக்கிறேன். அது ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடும். நொடிக்கு 50 முறை எண்ணை மாற்றுங்கள். பேசிக் மொழியின் வேகம் போதாது, எந்திர மொழி பழகத்தான் வேண்டும். சோம்பல் படாதீர்கள். சமவேகத்தில் ஏற்றி இறக்கினால் உயிர் இருக்காது. எங்கே தயங்க வேண்டும், எங்கே சட்டென்று விழ வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும்.

54272, 54273 என்ற நினைவக இடங்களில் முறையே 48, 17 போட்டால் (17 × 256 + 48 = 4400) அதுதான் உங்கள் ச. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேடுங்கள். அவர் தலையாட்டியதும் அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள்.