“நீங்களே சொல்லுங்கோ” என்று மனைவி சொன்னால்

கேள்வி: என் மனைவிக்கு 44 வயது, ஆசிரியை. இடது மார்பில் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அளவில் புற்றுநோய்க் கட்டி. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்ச் சிகிச்சை செய்யலாம், அல்லது மார்பை முழுதாக எடுக்கலாம், இரண்டும் சரிதான், யோசித்து அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள் என்கிறார் சத்திரசிகிச்சை நிபுணர். முழுதாக எடுத்தால்தான் நிம்மதி என்று மாமியும் கனடாவிலுள்ள மச்சானும் சொல்கிறார்கள். மனைவியோ “நீங்களே சொல்லுங்கோ” என்கிறார். நான் என்ன சொல்வது?
– வாசகர், கொக்குவில்

பதில்: முடிவை நீங்கள் சொல்லவேண்டாம். அதற்காக “அது உம்முடைய விருப்பம்” என்று ஒதுங்கியும் நிற்கவேண்டாம். பயத்தில் இருப்பவருக்கு அது கைவிட்ட மாதிரி இருக்கும். அவர் தெளிவாக முடிவெடுக்கக்கூடிய நிலையை உண்டாக்குவதுதான் உங்கள் வேலை. அது சின்ன வேலை அல்ல.

முதலில் மாமியும் மச்சானும் சொல்வதைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1976 இல் தொடங்கிய ஆய்வொன்று 1,851 பெண்களை 20 ஆண்டுகள் கவனித்து 2002 இல் முடிவை வெளியிட்டது. மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கும் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் பெற்றவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இருக்கவில்லை. ஆனால் கட்டியை எடுத்துவிட்டுக் கதிர் பெறாதவர்களில் 100 க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர் பெற்றவர்களில் அது 14. இன்றைய மருந்துகளோடு இந்த எண்கள் இன்னும் குறைவு. எனவே கட்டியை மட்டும் எடுப்பதென்றால் கதிரும் அதோடு சேர்ந்ததுதான், பிறகு பார்ப்போம் என்று விடக்கூடியதல்ல.

முழுதாக எடுத்தால் கீமோ தேவைப்படாது என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. அது பிழை. நோய் உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவதுதான் உயிருக்கு ஆபத்து. கீமோ வேண்டுமா என்பதைக் கட்டியின் தன்மையும் கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களும் (நோய் முதலில் பரவக்கூடிய சிறு முடிச்சுகள்) தீர்மானிக்கின்றன, எந்தச் சத்திரசிகிச்சை என்பதல்ல. கணுக்களில் நோய் இருந்தால், முழுதாக எடுத்த பின்னும் கதிர் தேவைப்படலாம்.

ஆகவே அடுத்த கிளினிக்குக்கு முன் பயொப்சி ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஈ.ஆர்., பி.ஆர். (கட்டி ஓமோனால் வளர்வதா என்று காட்டுபவை), ஹேர்-2 (கட்டியை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம்) என்ற மூன்றுக்கும் முடிவு வந்திருக்கிறதா? இன்னும் வரவில்லையென்றால் நாளை முடிவு சொல்லவேண்டும் என்று தவிக்காதீர்கள். ஹேர்-2 பொசிட்டிவ் என்றாலோ மூன்றும் நெகட்டிவ் என்றாலோ, 2 சென்ரிமீற்றர் கட்டிக்கும் முதலில் கீமோ கொடுத்துவிட்டுப் பிறகு சத்திரசிகிச்சை செய்வதுண்டு. ஈ.ஆர். பொசிட்டிவ் என்றால் பின்னர் குறைந்தது 5 ஆண்டுகள் ஓமோனைத் தடுக்கும் மருந்து இருக்கும். இந்த விபரங்களுக்காக ஓரிரு வாரம் பொறுப்பதால் பொதுவாகப் பாதகமில்லை. மாதக்கணக்கில் இழுபடக்கூடாது, அவ்வளவுதான்.

கிளினிக்கில் டொக்டருக்கு நேரே மனைவி இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் ஒரு கொப்பியோடு இருங்கள். முதல் கேள்வி மனைவியுடையது. பிறகு இவற்றையும் கேளுங்கள். கட்டி ஒன்றுதானா, வேறு இடத்திலும் இருக்கிறதா? எடுத்த பகுதியின் ஓரத்தில் நோய் இருந்தால் இன்னொரு தடவை வெட்டவேண்டி வருமா? கமக்கட்டில் சில கணுக்களை மட்டும் எடுப்பார்களா, எல்லாவற்றையுமா? (எல்லாம் எடுத்தால் கை வீங்கும் வாய்ப்புக் கூட.) கதிர் எத்தனை நாள், எங்கே, எப்போது தொடங்கும்? பல இடங்களில் இது வாரத்துக்கு 5 நாளாக 3 முதல் 5 வாரம் வரை நடக்கும். தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலையில் கிடைத்தால் கொக்குவிலிலிருந்து அதே காங்கேசன்துறை வீதியில் தினமும் போய் வரலாம். கொழும்புக்கு அருகே மகரகமையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் அங்கே தங்க இடம், கூட நிற்க ஒருவர், பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் எல்லாம் வேண்டும். இதற்கான ஒழுங்கை நீங்கள் இப்போதே யோசித்து வைத்தால், “வீட்டுக்குக் கரைச்சல்” என்பதற்காக அவர் மார்பை எடுக்கச் சொல்லும் நிலை வராது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் முடிவெடுக்கிறார்கள், வாய்விட்டுச் சொல்வதில்லை.

டொக்டரைத் தனியே பிடித்து “அவவுக்கு எல்லாம் சொல்லாதேங்கோ” என்று கேட்கவே கேட்காதீர்கள். தாதியின் முகத்திலும் மாமியின் குரலிலும் அவர் எப்படியும் கண்டுபிடிப்பார். பிறகு உங்களையும் நம்பமாட்டார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த பிறகு, “டொக்டர் சொன்னதில உமக்கு என்ன விளங்கினது?” என்று கேளுங்கள். இடையில் திருத்தாதீர்கள். அவர் முடித்த பிறகு கொப்பியைத் திறந்து இருவரும் ஒப்பிட்டுப் பாருங்கள். “நீங்களே சொல்லுங்கோ” என்று மறுபடி வந்தால், “எதை நினைச்சு யோசிக்கிறீர்?” என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். திரும்ப வரும் என்ற பயமா, களைப்பா, நீங்கள் இனி எப்படிப் பார்ப்பீர்களோ என்ற கவலையா? ஒவ்வொன்றுக்கும் மறுமொழி வேறு. “எனக்கு அழகு முக்கியமில்லை” என்று நல்லெண்ணத்தில் சொல்வீர்கள். அவருக்கு அது “எடுத்தாலும் பரவாயில்லை” என்று கேட்கும். “நீர் எதைத் தெரிஞ்சாலும் அதுக்குப் பிறகும் நான் உம்மோடதான்” என்பது வேறு விதமாகக் கேட்கும்.

கனடா மச்சானுக்கு வாரத்தில் ஒருநாள் நீங்களே கோல் எடுத்து விபரம் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் வரும் ஆலோசனைகள் மனைவியின் போனுக்கு நேரே போகவேண்டாம். யாராவது அன்னமுன்னா இலை அவித்துக் குடிக்கச் சொன்னால், மறைக்காமல் புற்றுநோய் வைத்தியரிடம் கேளுங்கள். சில மூலிகைகள் மருந்தோடு மோதி ஈரலைப் பாதிக்கும்.

கீமோ தொடங்கினால் ஒரு வெப்பமானி வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியஸ் காட்டினால், நடுச்சாமமானாலும், பனடோல் கொடுத்து விடியும்வரை பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் சம்மதப் பத்திரம் வரும். கையெழுத்து மனைவியுடையது. எந்தப் பக்கம், எந்தச் சத்திரசிகிச்சை, கணுக்கள் எடுப்பது எல்லாம் அதில் சரியாக இருக்கிறதா என்று அவரே வாசிக்கட்டும். அந்த வேளையில்கூட மனம் மாறினால், அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அப்போது “இவ்வளவு நாளும் யோசிச்சிட்டு இப்ப என்ன” என்று கேட்காமல், டொக்டரைக் கூப்பிடுங்கள்.