வாசகர் கேள்வி–பதில்: மலையேரியின் வடிவம்

கேள்வி: கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதன்று, மனிதர் அமைத்தது என்று அண்மையில் அறிந்து ஏமாற்றமடைந்தேன். அப்படியானால் அதன் அழகை மலையின் அழகு என்று சொல்லலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சொல்லலாம், அம்மா. மதுரை ஆட்சியராகப் பணியாற்றிய வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அங்கே செய்தது, சதுப்பு நிலத்தில் ஓடிய நீரோடையைக் கரை எழுப்பித் தடுத்தது மட்டுமே. தேங்கிய நீர் சுற்றியிருந்த குன்றுகளின் இடுக்குகளில் எல்லாம் புகுந்து நின்றதால்தான், ஏரி விரல் விரலாகப் பிரிந்து நட்சத்திரம் போலத் தோன்றுகிறது. அந்த வளைவுகளை எவரும் வரைந்து வைக்கவில்லை; அவை மலை மடிப்புகளின் வளைவுகளே. உதகை ஏரியும், இலங்கையில் 1873இல் அமைந்த நுவரெலியாவின் கிரகரி ஏரியும் மனிதர் அமைத்தவையே. உதகை ஏரி முன்பு இன்னும் விரிந்திருந்தது என்பதையும், இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்குமிடம் அதன் நீர்ப்பரப்பாக இருந்தது என்பதையும் நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

ஏரியைப் பகலில் படகுத்துறையிலிருந்து மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். விடியுமுன் சென்று, ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள கரைச் சாலையில் நடந்து பாருங்கள். இரவில் சரிவுகளில் குளிர்ந்து கனத்த காற்று கீழிறங்கி ஏரியின்மீது படிகிறது. பகல் வெயிலை வாங்கி வைத்திருந்த நீர் அக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், அதிலிருந்து எழும் ஆவி அங்கேயே குளிர்ந்து வெண்படலமாகிறது. வெயில் ஏற ஏற அப்படலம் கிழிந்து, கோரைகளின் நுனியில் தொங்கும் பனித்துளிகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். அந்த வேளையில் நீர்க்கோழி ஒன்று நீந்திப் போனால், அதன் பின்னே விரியும் கோடு நெடுந்தூரம் வரை கலையாமல் நிற்பதைக் காணலாம்.

இம்மலையேரிகளுக்கு நீர் தரும் ஓடைகள் மழை ஓய்ந்த பிறகும் ஓடுவதற்குச் சோலைக்காடுகளும் புல்வெளிகளுமே காரணம். பெய்த மழையை அவை மண்ணில் இறக்கி வைத்துக்கொண்டு, மெல்லக் கசியவிடுகின்றன. காடும் ஏரியும் அவ்வாறு ஒட்டி நிற்பதைப் பார்க்க விரும்பினால், கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் பேரிஜம் ஏரிக்குச் செல்லுங்கள். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே செல்ல இயலாதாகையால், சீட்டை முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள்.