கீழ இடிக்குதா பாருங்க சார்

அன்புள்ள அண்ணா,

கடலூர் ஓல்ட் டவுனிலிருந்து எழுதுகிறேன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன்தான், ஆனால் கடிதம் போடுவது இதுதான் முதல் தடவை. விஷயம் ரொம்பச் சின்னது. சிரிக்காதீர்கள்.

1999இல் நான் ஏழாவது. தீபாவளித் துணி எடுக்க அப்பா பாண்டிக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி முழுக்க சண்டே மார்க்கெட். பிளாட்பாரத்தில் ஒருவர் போஸ்டர்களை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார். குழந்தை போஸ்டர், அருவி போஸ்டர், அதற்கு நடுவில் ஒரு சிவப்பு மிட்சுபிஷி லான்சர். ராலி கார். நாலு சக்கரமும் தரையில் இல்லை. அப்பா நிறைய யோசித்துப் பத்து ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தார். வீட்டில் சாமி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பன்னிரண்டு வருஷம் இருந்தது. 2011 டிசம்பர் 30 விடிகாலை, தானே புயலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போன கையோடு அதுவும் போனது.

ஆறு மாசம் முன்னால் விழுப்புரத்தில் ஒரு லான்சர் விலைக்கு வந்தது. 2002 மாடல், பெட்ரோல், அதே சிவப்பு. ஒரு லட்சத்து இருபதாயிரம். வாங்கிவிட்டேன். முதல் வாரம் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டைமிங் பெல்ட், ரேடியேட்டர், முன்பக்க புஷ், ஏ.சி. என்று எண்பதாயிரம் போய்விட்டது. கதவுக்கு அடியில் உப்புக்காற்று அரித்துக்கொண்டிருக்கிறது. செலவு கூடப் பரவாயில்லை. உள்ளே உட்கார்ந்து ஓட்டும்போது ஒன்றுமே தோன்றவில்லை அண்ணா. அந்த போஸ்டரைப் பார்த்தால் வயிற்றில் ஒன்று தூக்கிப்போடுமே, அது இல்லை. இப்போது தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

வீட்டில் அவள், “பேசாம இன்னொரு போஸ்டர் வாங்கி ஒட்டியிருக்கலாம், பத்து ரூபாயோட போயிருக்கும்” என்கிறாள். அவள் தம்பியின் வேகன் ஆரை நெய்வேலி வரைக்கும் ஓட்டிப் போவாள், என்னைவிட நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் இதன் சாவியை நான் கொடுத்ததில்லை. கூட வேலை பார்க்கிற பையன் ஒருவன், “அண்ணே, உங்க போஸ்டர்ல இருந்தது எவல்யூஷன். இது சும்மா லான்சர். மூஞ்சி மட்டும்தான் ஒண்ணு” என்று வேறு சொல்லிவிட்டான். அதிலிருந்து மனசு இன்னும் கெட்டுப்போயிருக்கிறது. விற்றுவிடலாமா?

(பெயர் வேண்டாம் அண்ணா)
கடலூர்

*

அன்புள்ள தம்பி,

சிரிக்கவில்லை. என்னிடமும் ஒரு போஸ்டர் கதை இருக்கிறது. சொந்த போஸ்டர்கூட இல்லை, சலூன் போஸ்டர்.

எண்பதுகளின் நடுவில் பாண்டி முத்தியால்பேட்டையில் நாங்கள் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் எதிரெதிராக இரண்டு பெரிய கண்ணாடிகள் இருந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் வெள்ளை லம்போர்கினி, கதவு இரண்டும் விட்டத்தைப் பார்த்துத் தூக்கி நிற்க. நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகை போட்டு என்னை ஏற்றி உட்காரவைப்பார்கள். எதிர்க் கண்ணாடியில் அந்தக் கார் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பிடரியில் மிஷின் போடத் தலையைக் குனியச் சொல்வார். நான் தலையைக் குனிந்து கண்ணை மட்டும் மேலே தூக்கிக்கொள்வேன். “ஆடாத”, மண்டையில் ஒரு தட்டு. போஸ்டரில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டி ‘கவுன்டச்’ என்று சொல்லித் திரிந்தோம். ‘குன்டாச்’ என்று சொல்ல வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. வட இத்தாலியின் பீட்மான்ட் வட்டாரப் பேச்சில் வாயைப் பிளக்கும்போது வருகிற சொல்லாம். நம்முடைய அம்மாடியோவ்.

1971 ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்த கார் அது. பெர்டோனே நிறுவனத்தில் மார்ச்செல்லோ காந்தினி வரைந்தது. 1974 முதல் 1990 வரை விற்றார்கள், மொத்தம் இரண்டாயிரம் கார்கூட இல்லை. தரையிலிருந்து கூரைவரை ஒரு மீட்டரும் ஏழு சென்டிமீட்டரும்தான். உலகமெங்கும் பையன்கள் சுவரில் அதிகம் ஒட்டிய கார்களில் அதுவும் ஒன்று. ஆனால் உள்ளே உட்கார்ந்தவனுக்குப் பின்னால் இருப்பது ஏறக்குறையத் தெரியாது. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமென்றால் கதவை மேலே தூக்கிவிட்டு, வாசற்படி மாதிரி அகலமாக இருக்கிற ஓரத்தில் உட்கார்ந்து, உடம்பைப் பாதி வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். அந்தக் காரின் விசேஷங்களில் ஒன்றாகவே அதைச் சொல்வது வழக்கம். இதைப் படித்தபோது எனக்கு நாற்பது வயதாகியிருந்தது. சலூன் பலகையில் உட்கார்ந்திருந்த பையனுக்குத் தெரிந்திருந்தால் நம்பியிருக்க மாட்டான்.

சில வருஷம் முன்னால் ஒரு சனிக்கிழமை மாலை. ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து திருப்பிவிடப்பட்ட ஒரு மஞ்சள் லம்போர்கினி, குறுக்குத் தெரு ஒன்றில் வேகத்தடைக்கு முன்னால் நின்றுவிட்டது. குன்டாச் இல்லை, புதுசு. சுற்றி முப்பது பேர், முப்பது செல்போன். ஓட்டியவருக்கு என் வயதுதான் இருக்கும். கண்ணாடியை இறக்கி, கூட்டத்தில் வயசாளியாகத் தெரிந்த என்னைக் கூப்பிட்டார். “சார், கீழ இடிக்குதா பாருங்க சார்.” குந்தி உட்கார்ந்து பார்த்தேன். நாலு விரல் இடம் இருந்தது. “வாங்க, வாங்க, லெப்ட்ல ஒடிங்க, இன்னும் கொஞ்சம்.” ஒரு சக்கரம், பிறகு இன்னொரு சக்கரம் என்று கோணலாக ஏறி இறங்கினார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. அப்பாடா என்று ஒரு சிரிப்பு, கும்பிடு, போய்விட்டார். கார் வளைவில் திரும்பும்வரை நாங்கள் முப்பது பேரும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காட்சி கிடைக்காமல் போனது அவர் ஒருவருக்குத்தான். அவர் பார்த்ததெல்லாம் வேகத்தடை.

(அந்த வண்டியில் பி.ஒய். 01 என்று பாண்டிப் பதிவு எண்பலகையே இருந்தது, அதுவே அதிசயம். இங்கே சாலை வரி குறைவாக இருந்ததால், எங்கள் ஊர் விலாசத்தில் பதிந்துகொண்டு கேரளத்தில் ஓடிய சொகுசுக் கார்கள் உண்டு. விலாசமே பொய் என்று 2017இல் வழக்குவரை போனது. போஸ்டர்க் காரெல்லாம் காகிதத்தில் எங்கள் ஊர்க்காரர்களாக இருந்திருக்கின்றன. தெருவில் ஒன்றையும் நாங்கள் பார்த்ததில்லை.)

உங்கள் வீட்டம்மா கேலியாகச் சொன்னதை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு வருஷம் நீங்கள் அந்தக் காரை வெளியே நின்று பார்த்தவர். அதன் ஸ்டீயரிங் எப்படி இருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. சிவப்பு, பறப்பது, இரண்டும்தான் இருக்கிறது. வாங்கிய பிறகு நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து சிவப்பும் தெரியாது, பறப்பதும் தெரியாது. கிலோமீட்டர் முள்ளும் முன்னால் போகிற டவுன் பஸ்ஸின் பின்பக்கமும்தான் தெரியும். முதல் வாரம் சந்தோஷமாக இருந்தது என்கிறீர்களே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்து அந்தப் பையன் சொன்னது. எவல்யூஷன் என்பது ராலிக்காகவே செய்த லான்சர்: இரண்டு லிட்டர் டர்போ, நாலு சக்கரத்துக்கும் இழுவை, தெருவில் விற்ற வண்டிக்கே 280 குதிரைத்திறன். உங்களுடையது ஒன்றரை லிட்டர், முன்சக்கர இழுவை, தொண்ணூறுக்குள். அதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் மூஞ்சி மட்டும்தான் ஒன்று என்பது தலைகீழ். மூஞ்சிதான் வேறு: எவல்யூஷனின் பம்பரும் பானெட்டும் தனி. 1999இல் ஓடிய எவல்யூஷனும் உங்கள் லான்சரும் ஒரே தலைமுறை உடம்பின்மேல் கட்டியவை. 1998இலிருந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் திருவள்ளூரில் செய்துகொண்டிருந்தது. சண்டே மார்க்கெட்டில் நீங்கள் அந்தப் போஸ்டரை வாங்கிய வருஷத்தில், அதன் கூடப்பிறந்தது சென்னைக்குப் பக்கத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. எனக்கு இது போதும். உங்களுக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

பழைய கார் வழியில் நின்றுபோனாலும் வருத்தப்பட வேண்டாம். போஸ்டரில் இருந்தது ஃபின்லாந்துக்காரர் டோம்மி மாக்கினெனின் காராக இருக்க வேண்டும். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நாலு உலக ராலிப் பட்டம், நாலும் லான்சரில். அதில் 1998ஆம் வருஷத்துப் பட்டம் வந்த விதம் வேடிக்கை. பிரிட்டனில் கடைசிப் போட்டி. முதல் நாளே, முன்னால் போன ஒரு பழங்காலக் கார் சிந்திய ஆயிலில் மாக்கினென் வழுக்கி, பின்சக்கரம் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. மூன்று சக்கரத்தோடு ஓட்டிப் பார்த்தார், போலீஸ் நிறுத்திவிட்டது. பட்டம் போயிற்று. டொயோட்டாவில் வந்த கார்லோஸ் சைன்ஸுக்கு நாலாவது இடம் வந்தாலே போதும். கடைசிச் சுற்று, எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர், இன்ஜின் செத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிற லூயிஸ் மோயா, “ஸ்டார்ட் பண்ணிப் பாரு கார்லோஸ், கடவுளே, ஸ்டார்ட் பண்ணிப் பாரு” என்று ஸ்பானிஷில் கத்தியது ஸ்பெயினில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஸ்டார்ட் ஆகவில்லை. மோயா ஹெல்மெட்டைக் கழற்றிக் காரின் பின்கண்ணாடிமேல் எறிந்தார். பட்டம் மாக்கினெனுக்கு. உங்கள் வண்டி ஆல்பேட்டை செக்போஸ்டில் நின்றால் மோயாவை நினைத்துக்கொள்ளுங்கள், ஹெல்மெட் மட்டும் வேண்டாம்.

விற்பதா என்று கேட்டீர்கள். அவசரம் இல்லை. 2002 வண்டி என்றால் பதிவு அநேகமாக 2027இல் முடியும். இருபது வயது தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025இல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பணத்தைக் கட்டும்போது கை வலித்தால் விற்றுவிடுங்கள்.

அதற்கு முன்னால் தார்ப்பாயை எடுங்கள். கடலோர ஊரில் பிளாஸ்டிக் தார்ப்பாய்தான் துருவுக்குத் தாய்வீடு. அடியிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே போக வழி இல்லாமல் தகரத்திலேயே படிந்துகொண்டிருக்கும். துணி உறை போதும், அல்லது ஒன்றுமே வேண்டாம். அப்புறம், கதவைத் திறந்து அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். மழைத்தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். இருபது வருஷ மண் அதில் களிம்பு மாதிரி அடைத்திருக்கும். பழைய குடைக்கம்பி ஒன்றை வளைத்துக் குத்திவிடுங்கள். என்னிடம் இருந்த வண்டி ஒன்றில் அப்படிக் குத்தியபோது அரை டம்ளர் செந்தண்ணீர் வடிந்தது. டிங்கர் வேலைக்குக் கொடுத்து, அதற்கு முந்தின மாதம்தான் நாலாயிரம் செலவு செய்திருந்தேன். துருவின்மேலேயே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து அனுப்பியிருந்தார்கள். பார்ட்ஸ் எதுவும் கிடைக்கவில்லை என்றால் சென்னைப் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பழைய பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்டால் வேறொன்றைக் கட்டிவிடுவார்கள்.

இதையெல்லாம் முடித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் வருவதற்கு முன்னால், சாவியை உங்கள் வீட்டம்மாவிடம் கொடுங்கள். நெய்வேலிவரை போகிறவருக்குப் பாண்டி ரோடு ஒன்றும் பெரிதில்லை. நீங்கள் பெண்ணையாற்றுப் பாலத்துக்கு முன்னால் இறங்கிக்கொள்ளுங்கள். அவர் பாலத்தைத் தாண்டி முள்ளோடைவரை போய், அங்கே பெட்ரோலும் போட்டுக்கொண்டு (லிட்டருக்குக் கொஞ்சம் மிச்சமாவது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே) திரும்பட்டும். எப்படியும் இருபது நிமிஷம் ஆகும். அதுவரை டீக்கடையில் உட்கார்ந்துவிடாதீர்கள், பாலத்து முனையிலேயே நில்லுங்கள். வடக்கிலிருந்து ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஒரு சிவப்பு வண்டி வரும். அவ்வளவு தூரத்தில் அது எவல்யூஷனா, சும்மா லான்சரா என்று உங்கள் கம்பெனிப் பையனாலும் சொல்ல முடியாது.

அன்புடன்.