சவுண்ட்பாருடன் இணைத்த ஹெட்ஃபோனில் சத்தம் ஏன் குறைவாக வருகிறது?

சவுண்ட்பாரின் வால்யூமை முழுக்க ஏற்றியும், தக்கலையில் மழை அடிக்கும் நேரத்தில் ப்ளூடூத் ஹெட்ஃபோனில் அப்பாவுக்கு வசனம் கேட்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் இது பழுதே இல்லை. ப்ளூடூத்தில் அனுப்பும் கருவிக்கு ஒரு வால்யூம், ஹெட்ஃபோனுக்கு ஒரு வால்யூம். போனுடன் இணைத்தால் பொதுவாக இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். இதை 'அப்சல்யூட் வால்யூம்' என்பார்கள். சில சவுண்ட்பார்களில் அந்த வசதி கிடையாது. அப்போது ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் ஹெட்ஃபோன் தன் பழைய அளவிலேயே நிற்கும். அதனால் முதலில் ஹெட்ஃபோனில் உள்ள பிளஸ் பட்டனை விட்டு விட்டு அழுத்துங்கள். சில மாடல்களில் அழுத்திப் பிடித்தால் அடுத்த பாட்டுக்குப் போய்விடும்.

சரி, பாட்டு நன்றாகக் கேட்கிறது, வசனம் மட்டும் அமுங்குகிறதா? டிவியின் ஒலி அமைப்பில் டால்பியை (பல ஸ்பீக்கர்களுக்கான ஒலி வடிவம்) மாற்றி 'பிசிஎம்' (சாதாரண ஸ்டீரியோ ஒலி) வையுங்கள். சவுண்ட்பாரில் பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் நைட் மோட் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், அதே ஹெட்ஃபோனைப் போனுடன் இணைத்துப் பாருங்கள். அங்கேயும் குறைவென்றால் காதுப் பக்க வலையில் அழுக்கு அடைத்திருக்கலாம். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும், தண்ணீர் வேண்டாம். போனில் நன்றாக இருந்தால், சவுண்ட்பாரில் இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். டிவியிலேயே ப்ளூடூத் இருந்தால் நேராக அதில் இணைப்பது இன்னும் நல்லது.

எல்லாம் செய்தும் அப்பாவுக்கு முழு வால்யூம் தேவைப்பட்டால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தயவுசெய்து காதைக் காட்டிவிடுங்கள்.