க்ளுவானி ஏரிக்கு மேலே: வரைபடக் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் யூகானில், க்ளுவானி ஏரிக்குத் தண்ணீர் தரும் மலைப்பகுதியின் டோபோ ஷீட்டுகளைப் (மேடு பள்ளத்தை உயரக் கோடுகளால் காட்டும் வரைபடத் தாள்கள்) பற்றி வந்த கேள்விகள் இவை.

கூகுள் எர்த் போதாதா?
இடத்தைப் பார்க்கப் போதும். ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கணக்குப் போடப் போதாது.

பழைய 1:50,000 ஷீட்டில் எடுத்த புள்ளி, ஜிபிஎஸ்ஸில் ஆற்றின் மறுகரையில் விழுகிறது. கருவி கெட்டுவிட்டதா?
கருவி நன்றாகத்தான் இருக்கிறது. ஷீட்டின் ஓரத்தில் டேட்டம் (இட எண்கள் எந்தப் பூமி மாதிரியை வைத்துப் போடப்பட்டவை என்பது) என்ன என்று பார்த்தீர்களா? பழைய டேட்டமான நாட்27-இன் எண்ணை அப்படியே புதிய டேட்டமான நாட்83-இல் அடித்தால் சுமார் 200 மீட்டர் தள்ளிப் போகும். உயரக் கோடுகள் அடியிலா மீட்டரிலா என்றும் அதே ஓரத்தில்தான் இருக்கும்.

ஆர்க்டிக்டெம் (செயற்கைக்கோள் படங்களிலிருந்து செய்த உயரத் தரவு) 2 மீட்டர் துல்லியமாமே. அப்புறம் ஷீட் எதற்கு?
2 மீட்டர் என்பது கட்டத்தின் அளவு, துல்லியம் அல்ல. காடு இருந்தால் மரத்தின் உச்சியைத்தான் தரை என்று காட்டும். உயரமும் கடல்மட்டத்திலிருந்து அல்ல, எலிப்சாய்டிலிருந்து (பூமிக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் சற்றே தட்டையான உருண்டை). ஷீட்டோடு ஒப்பிடும் முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

கூகுள் எர்த்தில் அளந்தால்...
முதல் பதில்.

ஷீட்டில் ஸ்லிம்ஸ் ஆறு அகலமாக இருக்கிறது. புதிய படத்தில் வெறும் மணல். ஷீட் தப்பா?
வரைந்தபோது சரி. காஸ்கவுல்ஷ் பனியாற்றின் முனை நீர்ப்பிரிமேட்டின் (நீர் இரண்டு பக்கமாகப் பிரிந்து இறங்கும் மேடு) மேலேயே உட்கார்ந்திருந்தது. உருகிய நீரில் ஒரு பங்கு ஸ்லிம்ஸ் வழியாக க்ளுவானி ஏரிக்கும், யூகான் ஆற்றோடு பெரிங் கடலுக்கும் போனது. மறுபங்கு அல்செக் ஆற்றின் வழியாக அலாஸ்கா வளைகுடாவுக்கு. பனி பின்வாங்கியதும், 2016 மே கடைசியில் முனையில் ஒரு பள்ளம் அறுத்துக்கொண்டு, நீர் கிட்டத்தட்ட மொத்தமும் அல்செக் பக்கம் திரும்பிவிட்டது. சில நாள்களில் ஆறு வற்றியது, ஏரியும் இறங்கியது. பள்ளத்தாக்கில் இப்போது காற்றடித்தால் புழுதிதான்.

மலைமுகடு நகராதே. நீர்ப்பிரிகோடு மட்டும் எப்படி நகரும்?
முகடு பாறையாக இருந்தால் நகராது. இங்கே அது பனி. பனிக்கடியில் ஓடும் நீருக்குத் திசை காட்டுவதில், அடிப்பாறையின் சரிவைவிடப் பனிமேற்பரப்பின் சரிவுக்குச் சுமார் பத்து மடங்கு வலு. பனி மெலிந்தால் பாறை அசையாமலே கோடு இடம் மாறும்.

அப்படியானால் யூகான் படுகையின் எல்லையையே மாற்ற வேண்டுமே! பனி திரும்ப வளர்ந்தால்?
மாற்றத்தான் வேண்டும், எந்த ஆண்டின் எல்லை என்று பக்கத்திலேயே எழுதி. வளர்ந்தால் இன்னொரு முறை வரையலாம், பென்சிலுக்கா பஞ்சம்?

என் ஜிபிஎஸ் புள்ளியும் மறுகரையில்...
டேட்டம். ஷீட்டின் ஓரம்.