ஒரு விண்டோஸ், இருபது தின் கிளையன்ட்: போதுமா?

கேள்வி: அலுவலகத்தில் 20 தின் கிளையன்ட்கள் (சர்வரை நம்பி ஓடும் எளிய கணினிகள்), எல்லாம் லினக்ஸ் சர்வரில் ஓடுகின்றன. கணக்கு மென்பொருளுக்கு மட்டும் விண்டோஸ் வேண்டும். சர்வரிலேயே விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) விண்டோஸ் 11 புரோ போட்டால் போதும், எல்லாரும் அதிலேயே நுழையலாம் என்கிறார் அமைத்துத் தருபவர். நம்பலாமா?

பதில்: விர்ச்சுவல் மெஷின் யோசனை சரிதான். ‘ஒன்று போதும்’ என்பதில்தான் வில்லங்கம். புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். உங்கள் ஆள் ஒரு சிஸ்டம் கோப்பை ‘பேட்ச்’ செய்து, அதாவது திருத்தி, அந்தத் தடையை எடுப்பார். அது உரிம மீறல். தவிர, அடுத்த அப்டேட் அந்தக் கோப்பை மாற்றிவிட்டால் திங்கட்கிழமை காலையில் எல்லாரும் வெளியே நிற்பீர்கள்.

முறையான வழி: கேவிஎம்மில் (லினக்ஸில் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் வசதி) விண்டோஸ் சர்வர், அதில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் (ஆர்டிஎஸ்: ஒரே நேரத்தில் பலர் நுழைந்து வேலை செய்யும் வசதி). ரிமோட்ஆப் அமைத்தால், ஃப்ரீஆர்டிபி என்ற லினக்ஸ் மென்பொருள் வழியாகக் கணக்கு மென்பொருளின் ஜன்னல் மட்டும் லினக்ஸ் திரையில் வரும். சர்வர் லைசென்ஸ் போக, ஆளுக்கோ கருவிக்கோ சர்வர் சிஏஎல் (நுழைவதற்கான உரிமம்) ஒன்று, அதன் மேல் ஆர்டிஎஸ் சிஏஎல் ஒன்று. ஒரே கதவுக்கு மூன்று டிக்கெட்! ஷிப்டில் ஆள் மாறினால் கருவிக் கணக்கில் வாங்குங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்டிஎஸ் சிஏஎல் இல்லாமலே 120 நாள் எல்லாம் ஓடும். அமைத்தவர் பணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பார். அப்புறம் ஒரு நாள் ‘லைசென்ஸ் சர்வர் கிடைக்கவில்லை’ என்று சின்னப் பெட்டி வரும்; ஓகே அழுத்தினால் இணைப்பும் போய்விடும். லைசென்ஸ் ரசீது உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, லைசென்ஸ் சர்வர் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

மென்பொருளுக்கு யூஎஸ்பி டாங்கிள் (செருகினால்தான் மென்பொருள் திறக்கும் சாவி) உண்டா? உண்டென்றால் கதை வேறு. அதைத் தின் கிளையன்ட்டில் செருகாதீர்கள். சர்வரில் செருகி விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்க வேண்டும். ஒரே மாதிரி இரண்டு டாங்கிள் இருந்தால் கருவி எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது, எந்த போர்ட் என்று சொல்லித்தான் ஒதுக்க வேண்டும். இத்தனை செய்தும், சில டாங்கிள்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வருபவரைக் கண்டால் மென்பொருளைத் திறக்கவே விடாது. அதற்குப் பலர் சேர்ந்து பயன்படுத்தும் நெட்வொர்க் டாங்கிளை மென்பொருள் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். எனவே, லைசென்ஸ் வாங்கும் முன்பே, அந்த 120 நாளுக்குள் இரண்டு தின் கிளையன்ட்டில் டாங்கிளோடு ஓட்டிப் பாருங்கள். அதற்கு அமைத்துத் தருபவர் சாக்குச் சொன்னால் வேறு ஆளைத் தேடுங்கள்.