டிராவல் டீமில் மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. ஊர் ரெக் லீக்கில் (யாரும் சேரக்கூடிய உள்ளூர்ப் போட்டியில்) சாஃப்ட்பால், அதாவது பேஸ்பால் போன்ற ஆட்டம், ஆடிக்கொண்டிருந்தாள். போன சீசனில் பிட்சிங் (பேட்டருக்குப் பந்து எறிவது) ஆரம்பித்தாள், நன்றாகவே வருகிறது. இந்த ஆகஸ்ட் டிரையவுட்டில், 12 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் இரண்டு டிராவல் டீம்கள் (ஆள் தேர்ந்தெடுத்து வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் டீம்கள்) அவளுக்கு இடம் தருவதாகச் சொல்கின்றன. ஒன்று பெரிய கிளப். வருடத்துக்கு 2,800 டாலர், கோடையில் வெளிமாநிலப் போட்டிகள். வேறு விளையாட்டோ நடனமோ கூடாது என்கிறார் கோச். 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டுமாம். இன்னொன்று சிறிய டீம். 1,100 டாலர், போட்டிகள் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள். பெரிய கிளப் என்றால் காலேஜ் ஸ்காலர்ஷிப்புக்கு வழி பிறக்கும் என்று கணவர் நினைக்கிறார். பெண் வெயிலில் கறுத்துப் போவாள், பரதநாட்டியமும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் போச்சு என்று மாமியார் வருத்தப்படுகிறார். ஆறு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். நான் என்ன முடிவெடுக்கட்டும்?
– ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: முதலில் அந்த 48 மணி நேரக் கெடுவைப் பார்த்துப் பதறாதீர்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பதினோரு பன்னிரண்டு பேர் கொண்ட டீமை ஒரு வாரத்துக்குள் நிரப்ப வேண்டும். நீங்கள் வேண்டாம் என்றால் அடுத்த குழந்தையின் வீட்டுக்கு போன் போட வேண்டும். அதனால் கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஒரு பிராக்டிஸில் அவள் உங்களோடு ஆடட்டும், அன்று ராத்திரியே பதில் சொல்லிவிடுகிறோம்." நல்ல கோச் அநேகமாகச் சம்மதிப்பார். அதற்கே முகம் சுளிப்பவர், வருடம் முழுக்க நீங்கள் எது கேட்டாலும் சுளிப்பார்.

அடுத்து உங்கள் கணவரின் கணக்கு. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 சாஃப்ட்பாலில் ஒரு டீமுக்கு 12 முழு ஸ்காலர்ஷிப் என்பதுதான் வெகுகாலம் உச்சவரம்பு. அதைப் பலருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். 2025-இல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு டீமில் 25 பேர் என்பதுதான் வரம்பு. எல்லோருக்குமே பணம் கொடுக்கலாம். ஆனால் 'கொடுக்கலாம்' என்பதை 'கொடுப்பார்கள்' என்று படித்துவிடக் கூடாது. டிவிஷன் 3-லும் ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. இன்னொன்று, பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-ஆம் தேதி வரை டிவிஷன் 1 கோச்கள் உங்கள் பெண்ணிடம் சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. இப்போது பதினொரு வயதுக் குழந்தையிடம் காலேஜைப் பற்றிப் பேசும் கிளப் எதை விற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். 2,800 டாலரை ஏழு வருடம் கட்டினால் 19,600 டாலர். காலேஜ் செலவுதான் கவலை என்றால் அதை 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பந்து ஆடுவது ஆட்டத்துக்காக இருக்கட்டும்.

அந்த 2,800-உம் முழுச் செலவில்லை. ஹோட்டல் தனி. சில போட்டிகளில் அவர்கள் பட்டியலிட்ட ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையே உண்டு. பெற்றோர் உள்ளே போக கேட்டில் கட்டணம், பிட்சிங் சொல்லிக்கொடுப்பவருக்குத் தனிக் கட்டணம், பேட், மாஸ்க், ஷூ. கட்டணத்தில் எது அடக்கம், எது இல்லை என்று இரண்டு டீமிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் விலகினால் பணம் திரும்புமா என்பதையும்தான்.

பணத்தைவிட நேரம்தான் வீட்டைப் பிய்க்கும். சனிக்கிழமை ஆட்டங்களின் முடிவை வைத்து வரிசை போடுவார்கள்; ஞாயிற்றுக்கிழமை நாக் அவுட். காலை எட்டு மணி ஆட்டத்தில் தோற்றால் பதினோரு மணிக்கு வீட்டில் இருக்கலாம். ஜெயித்துக்கொண்டே போனால் சாயங்காலம் வரை மைதானம்தான். ஆக, ஞாயிறு எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. தமிழ்ப் பள்ளிக்கு அடி விழுவது இந்த இடத்தில்தான். மாதத்துக்கு எத்தனை வாரக்கடைசி ஆட்டம், எந்தெந்த மாதம் ஓய்வு என்று கேளுங்கள். அட்டவணையைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் முன்கூட்டியே காட்டி, விட்டுப்போகும் பாடத்தை வீட்டில் முடிக்க வழி கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துழைப்பார்கள். ஜூலை 4 வாரக்கடைசியில் ஃபெட்னா (வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை) விழாவுக்குப் போகும் குடும்பமென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். கோடை சீசனின் உச்சமும் அப்போதுதான்.

உங்கள் ஆறு வயது மகனை மறந்துவிடாதீர்கள். டெக்சாஸ் ஜூலையில் கூடாரத் துணிக்கு அடியில் அக்காவின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பையன் எவ்வளவு நேரம் இருப்பான்? பெற்றோரில் ஒருவர் போனால் போதும் என்ற ஏற்பாட்டை முதல் மாதத்திலேயே வழக்கமாக்கிவிடுங்கள்.

இனி உங்கள் பெண் பிட்சர் என்ற விஷயம். இதைத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பத்து வயதுப் பிரிவில் பிட்சர் 35 அடியிலிருந்து 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை எறிகிறாள். பன்னிரண்டு வயதுப் பிரிவில் 40 அடி, 12 அங்குலப் பந்து. பதினான்கில் 43 அடி. பந்தும் பெரிசு, தூரமும் அதிகம், கை மட்டும் அதே கை. போன வசந்தத்தில் ஸ்ட்ரைக்காகப் போட்டுத் தள்ளிய குழந்தை இந்த இலையுதிர் காலத்தில் வரிசையாக வாக் (குறி தவறிய நான்கு பந்துக்குப் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கொடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த மாதங்களைப் பொறுத்துக்கொள்ளும் டீமா இது? "உங்களிடம் எத்தனை பிட்சர்? ஒரு வாரக்கடைசியில் ஒரு பெண் எத்தனை இன்னிங்ஸ் போடுவாள்?" என்று கேளுங்கள். இரண்டு நாளில் ஐந்தாறு ஆட்டம் வரும். இரண்டே பிட்சர் என்று பதில் வந்தால் எனக்குக் கவலையாக இருக்கும். கீழ்க்கையால் எறிவதால் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று மைதானத்தில் பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். கையைச் சக்கரமாகச் சுழற்றி எறியும் பிட்சர்களுக்கும் தோளின் முன்பக்கமும் பைசெப்ஸும் வலிப்பது சகஜம். வலிக்கிறது என்று அவள் சொன்னால் அன்றே நிறுத்தும் கோச் வேண்டும்.

நடனம் கூடாது என்ற நிபந்தனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2016-இல் சொன்ன ஆலோசனை இதற்கு நேர் எதிர்: ஒரே விளையாட்டில் முழுமூச்சாக இறங்குவதைப் பதினைந்து பதினாறு வயது வரை தள்ளிப்போடுங்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அந்த விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதம் விடுப்பு, அதை ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம். என் மகள் கேட்சர், பிட்சர் எறியும் பந்தை பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவள். ஏழு இன்னிங்ஸ் குந்தி எழுந்த பிறகும் தொடை வலிக்கிறது என்று அவள் சொன்னதில்லை. அதற்கு அரைமண்டி வாங்க வைத்த நாட்டிய டீச்சரைத்தான் கும்பிட வேண்டும் என்பது வீட்டில் என் கட்சி.

கோச்சைப் பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். டிரையவுட்டில் எல்லா கோச்சும் சிரித்த முகம்தான். அந்த டீம் வேறு யாருடனோ ஆடும் ஒரு ஆட்டத்துக்குச் சொல்லாமல் போங்கள். டக்அவுட் (டீம் உட்காரும் பெஞ்ச்) பக்கமாக உட்காருங்கள், ஸ்கோர்போர்டைப் பார்க்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பெண்ணின் கால்களுக்கு நடுவே ஒரு பந்து போகும், எப்படியும் போகும். பந்து அவுட்ஃபீல்டை அடைவதற்குள் அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பது பந்தை இல்லை, டக்அவுட்டை. அந்தக் கணம் கோச் என்ன செய்கிறார்? ஒருவர் தொப்பியைத் தொட்டு, கையுறையைத் தரையோடு வைக்கும் பாவனை காட்டிவிட்டு அடுத்த பேட்டருக்குத் திரும்பிவிடுவார். இன்னொருவர் கிளிப்போர்டை பெஞ்சில் அறைவார், இன்னிங்ஸ் முடிவதற்குள் அவளை வெளியே எடுப்பார். அவள் முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டு பெஞ்சின் கடைசிக்குப் போவாள், மற்ற பெண்கள் நகர்ந்து இடம் விடுவார்கள், யாரும் பேச மாட்டார்கள். ஸ்கோர்புக் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்து இரண்டு வகையையும் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வகையினரின் டீம்தான் அடிக்கடி ஜெயித்தது என்று சொல்ல ஆசை. அப்படியெல்லாம் இல்லை. ஆனால் அடுத்த வருடமும் ஆட வருகிற பெண்கள் அங்கேதான் அதிகம்.

அப்படியே, பெஞ்சில் இருப்பவர்களையும் பாருங்கள். லிட்டில் லீக்கில் வந்த குழந்தை எல்லோருக்கும் குறைந்தபட்ச ஆட்டம் உண்டு என்று விதியே இருக்கிறது. டிராவலில் அந்தப் பேச்சே இல்லை. களத்தில் ஒன்பது பேர், மீதிப் பேர் வெளியே. கோச்சின் மகள் எப்போதும் ஷார்ட்ஸ்டாப், துணைக் கோச்சின் மகள் எப்போதும் பிட்சர் என்றால் அதற்கு 'டாடி பால்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் உண்மையிலேயே நன்றாக ஆடுபவர்களாகவும் இருக்கலாம், அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம். பெரியவர்களின் பின்னணிச் சோதனை முடிந்திருக்கிறதா, விளையாட்டில் குழந்தைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பதற்கான சேஃப்ஸ்போர்ட் பயிற்சி எடுத்திருக்கிறார்களா, குழந்தைக்கு அனுப்பும் செய்தியில் பெற்றோரையும் சேர்க்கிறார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இதைக் கேட்டதற்காக யாரும் உங்கள் பெண்ணை பெஞ்சில் வைக்க மாட்டார்கள். வைத்தால் அது வேறு டீம் தேட வேண்டிய நேரம்.

மாமியாருக்கு என் பதில் சின்னது. சன்ஸ்கிரீன் நிறையப் போடுங்கள், முழுக்கை உள்சட்டை கொடுங்கள், அதையும் மீறிக் கறுத்தால் கறுக்கட்டும். அவர் கவலைப்பட வேண்டிய ஆபத்து ஒன்று உண்டென்றால் அது பந்து. 40 அடியில் நிற்கும் பிட்சருக்கு நேராக அடி வந்தால் விலக நேரமே இருக்காது. பிட்சிங் போடும்போது ஃபீல்டர் மாஸ்க் கட்டாயம் என்று வீட்டு விதி போடுங்கள், டீம் கேட்காவிட்டாலும்.

கடைசியாக மகளிடம் பேசுங்கள். "சேர ஆசையா?" என்று கேட்காதீர்கள். பேர் அச்சிட்ட சீருடையைப் பார்த்தபின் எந்தக் குழந்தை இல்லை என்று சொல்லும்? காலண்டரை மேசையில் விரித்து, போக முடியாத பிறந்தநாள் விழா, தள்ளிப்போகும் நடன வகுப்பு எல்லாவற்றையும் அவளே குறிக்கட்டும். அப்புறம் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் சொல்லாமலே பந்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகிறாளா என்று கவனியுங்கள். போகிறாள் என்றால் பாதி பதில் கிடைத்துவிட்டது.

என்னைக் கேட்டால், சிறிய டீம். ஒரே ஒரு வருடத்துக்கு. நடனம் தொடரட்டும், குளிர்காலத்தில் ஒரு மாதமாவது பந்தைத் தொடாமல் இருக்கட்டும். அடுத்த ஆகஸ்டில் டிரையவுட் மறுபடியும் வரும், பெரிய கிளப்பும் அங்கேதான் இருக்கும். கணவரைக் கவிழ்த்த வாளியில் உட்காரவைத்து, வாரம் மூன்று நாள் அவள் எறியும் பந்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பந்து தாடைப் பக்கம் ஒரு முறை வந்தால் ஸ்காலர்ஷிப் பேச்சு தானே குறையும்.

கேள்வி: டிரையவுட்டில் என் மகளை எடுக்கவில்லை. இரண்டு நாளாக அழுகிறாள். கோச்சிடம் காரணம் கேட்கலாமா?
– ஒரு தந்தை, நார்த் கரோலினா

பதில்: கேளுங்கள், ஆனால் "ஏன் எடுக்கவில்லை" என்று வேண்டாம். "எதில் பயிற்சி எடுத்தால் நல்லது?" என்று நாலு வரியில் எழுதுங்கள், ஒரு வாரம் கழித்து. சில சமயம் காரணம் சாதாரணமானது: அவர்களுக்குத் தேவை ஒரு கேட்சர், உங்கள் பெண்ணோ இரண்டாம் பேஸ். இலையுதிர் ரெக் சீசனில் சேர்த்துவிடுங்கள். யாருக்காவது காயமோ ஊர் மாற்றமோ வந்து நடுவில் ஆள் தேடும் டீம்கள் நிறைய. ஒரு வாரக்கடைசிக்கு மட்டும் விருந்தினராக ஆடக் கூப்பிடுவதும் உண்டு. அழுகையை நிறுத்தச் சொல்ல வேண்டாம், இரண்டு நாள் ஒன்றும் அதிகமில்லை.

கேள்வி: ஒன்பது வயதுப் பெண்ணுக்கு 400 டாலர் பேட் தேவையா? டீமில் எல்லோரிடமும் இருக்கிறதாம்.
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: தேவையில்லை. வளரும் வயதில் ஒரு பேட் எத்தனை சீசனுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. விலையைவிட எடைதான் முக்கியம்: கையை நீட்டி ஒரு கையால் பிடித்தால் கொஞ்ச நேரமாவது ஆடாமல் நிற்க வேண்டும். டீமில் மூத்த பெண் யாராவது பெரிய பேட்டுக்கு மாறியிருப்பாள், பழையதைப் பாதி விலைக்குக் கேட்டுப் பாருங்கள். வாங்கும்முன் உங்கள் போட்டி அமைப்பு ஏற்கும் முத்திரை அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அம்பயர் ஒதுக்கி வைத்துவிடுவார். காம்போசிட் பேட் (உலோகமில்லாமல் இழைக் கலவையால் செய்தது) என்றால் விரிசலுக்கும் தடவிப் பாருங்கள். நியூ ஜெர்சியின் மார்ச் மாதக் குளிரில் அடித்த பேட்டாக இருந்தால் இரண்டு தடவை தடவிப் பாருங்கள்.